பெயிண்ட் போகாமல் வண்டியில் ஒட்டியதை எடுத்த விவரம்

கிருஷ்ணகிரியில் ஒரு கன்சல்டிங்கில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வண்டி, சிவப்பு அப்பாச்சி ஆர்டிஆர் 160. டிஎன் 29 நம்பர், அதாவது இவ்வளவு காலமும் தர்மபுரிப் பக்கம் ஓடியது. எஞ்சினில் சத்தம் இல்லை, செயின் ஸ்ப்ராக்கெட் புதுசு, பெயர் மாற்றமும் முடிந்துவிட்டது, அதிலெல்லாம் எனக்கு ஒரு குறையும் இல்லை. பழைய ஓனருக்குத்தான் ஒரு பழக்கம் இருந்திருக்கிறது, ஆக்சசரீஸ் கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி ஒட்டிவிடுவார் போல. டேங்க் மேல் தடித்த ஜெல்லி டேங்க் பேட், முட்டி படும் இரண்டு பக்கமும் ரப்பர் கிரிப், ஹெட்லைட் டூம் மேல் ஆக்‌ஷன் கேமரா மாட்டுகிற பிளாஸ்டிக் மவுண்ட், சைடு பேனலில் குரோம் பட்டைகள், டேங்குக்கு அடியில் நீல எல்இடி பட்டை, ஸ்பீடோமீட்டர் ஓரத்தில் மேல்பாகம் உடைந்து அடிப்பாகம் மட்டும் மிஞ்சிய மொபைல் ஸ்டாண்டு, இது போதாதென்று பின்பக்கம் ரேடியத்தில் ஒரு நடிகரின் முகமும் ஒரு குழந்தையின் பெயரும். குழந்தையின் பெயரை எடுக்கும்போது கொஞ்சம் யோசித்தேன். நடிகரை எடுக்கும்போது யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. ஒரே ஒரு இடத்தில் அரிசி அளவுக்குப் பெயிண்ட் உரிந்தது, அதற்குக் காரணம் வேறு, பின்னால் சொல்கிறேன்.

வண்டி வாங்கிய இடத்திலேயே ஒரு பையன் வழி சொன்னான். "தின்னர்ல துணிய நனைச்சுத் தேய்ங்கண்ணா, அஞ்சு நிமிஷத்துல போயிடும்." போகும்தான். கம்மோடு சேர்ந்து வேறு எதெல்லாம் போகும் என்பதுதான் கேள்வி. டேங்க் என்றால் இரும்புக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், அதற்கு மேல் கிளியர் கோட். நாம் பளபளப்பு என்று பார்ப்பதெல்லாம் அந்தக் கடைசிப் பூச்சுதான், அது பொதுவாக 50 மைக்ரானுக்குள்தான் இருக்கும், தலைமுடியைவிட மெல்லியது. கம்பெனியில் சூளையில் வேகவைத்த பெயிண்ட் தின்னரை ஒரு துடைப்புக்குத் தாங்கிவிடும், ஆனால் கம் போகிற வரை ஊறவைத்துத் தேய்த்தால் மங்கிவிடும். டூம், சைடு பேனல் எல்லாம் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதில் பெயிண்ட் கொஞ்சம் கீறியிருந்து தின்னரோ அசிட்டோனோ உள்ளே இறங்கினால் பிளாஸ்டிக்கே இளகிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான், பல பிராண்டுகளில் இருப்பது அசிட்டோன்.

சரி, டேப்புக்கு வருவோம். இந்த மாதிரிச் சாமான்களுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் ஃபோம் டேப். சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் 1 மில்லிமீட்டர் தடிமனில் ரப்பர் போல நசுங்கும். 3எம் கம்பெனி விஹெச்பி என்ற பெயரில் 1980இல் கொண்டுவந்த வகை, இப்போது எல்லாரும் செய்கிறார்கள். ஒட்டிய 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்பு வந்துவிடும், ஒரு நாளில் 90 சதவீதம், மூன்று நாளில் முழுப் பிடிப்பு. அதாவது கோணலாக ஒட்டிவிட்டோம் என்று தெரிந்தால் அந்த 20 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது வேறு வேலை.

இந்த ஃபோமுக்கு ஒரு குணம் உண்டு. வெடுக்கென்று இழுத்தால் இறுகிக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் நீண்டு கொடுக்கும். சூட்டில் இன்னும் இளகும். கேழ்வரகுக் களி மாதிரிதான், சூடாக இருக்கும்போது எப்படி வேண்டுமானாலும் வளையும், ஆறிப்போனால் கட்டை. மார்கழிக் காலையில் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இந்த வேலையைத் தொடங்கினால் டேப்பை அசைக்கவே முடியாது. அந்த நேரத்தில் நெம்பினால் எங்கே பிடிப்பு குறைவோ அங்கே பிரியும், சில நேரம் அது பெயிண்டுக்கும் பிரைமருக்கும் நடுவில் இருக்கும்.

ஆகவே டேப்பைப் பெயிண்டிலிருந்து பிரிக்க முயலவே கூடாது. ஃபோமை அதன் நடுவிலேயே நூலால் குறுக்காக அறுத்துவிட வேண்டும். மேல்பாதி சாமானோடு போய்விடும், கீழ்ப்பாதி வண்டியிலேயே நிற்கும். நிற்கட்டும், அதைப் பிறகு பார்க்கலாம், அதற்கு மேல் பிடித்து இழுக்க எதுவும் இல்லாததால் பெயிண்டுக்கு ஆபத்தும் போய்விட்டது. இதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் பொறுமைதான்.

முதல் வேலை கழுவுவது. இங்கே எல்லா வண்டியிலும் கிரானைட் தூசி இருக்கும், கல் லாரிகளுக்குப் பின்னால் போகாமல் கிருஷ்ணகிரியில் எந்த ரோட்டிலும் போக முடியாது. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் கிளியர் கோட்டைவிடப் பல மடங்கு கடினம். ஒட்டியிருக்கும் சாமானின் விளிம்பில்தான் அந்தத் தூசி சேர்ந்து எண்ணெய்யோடு கறுப்பாக உறைந்திருக்கும், அதன் மேல் நூலை வைத்து அறுத்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரி கோடு விழும். ஷாம்பு தண்ணீரில் ஊறவைத்து, பழைய மெல்லிய டூத் பிரஷ்ஷால் விளிம்பைச் சுற்றித் தேய்த்து, பைப்பில் அடித்துக் கழுவினேன். காய்ந்ததும் சுற்றிலும் மாஸ்கிங் டேப், பெயிண்ட் கடையில் கிடைக்கும் மஞ்சள் காகித டேப்தான், இரண்டு அடுக்கு.

அடுத்தது வண்டியில் எது கம்பெனி பெயிண்ட், எது பிறகு அடித்தது என்று பார்ப்பது. இதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், செகண்ட் ஹேண்ட் வண்டியில் இதுதான் முக்கியம். டேங்க் மூடியைத் திறந்து மூடிக்குக் கீழே இருக்கும் நிறத்தையும் வெளி நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றாக இருந்தது. சீட்டைக் கழற்றி டேங்கின் பின் விளிம்பைப் பார்த்தேன், ரப்பர் புஷ் மேல் பெயிண்ட் தூறல் இல்லை. துணி சுற்றிய காந்தத்தை டேங்க் முழுக்க நகர்த்திப் பார்த்தேன், பட்டி போட்டிருந்தால் அந்த இடத்தில் பிடிப்பு தளரும், எங்கும் தளரவில்லை. டேங்க் ஒரிஜினல். வலது சைடு பேனலும் ஒரிஜினல். இடது பேனலைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்க விளிம்பில் சிவப்புத் தூறல், மேலே ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக மேடு. எங்கோ விழுந்து மறுபடி அடித்திருக்கிறார்கள். பேனலின் உள்ளே, வெளியே தெரியாத மூலையில் பஞ்சில் தின்னரைத் தொட்டு லேசாக வைத்தேன், சிவப்பு பஞ்சில் ஏறிவிட்டது. ஹார்டனரைச் சரியாகக் கலந்து காயவைத்த 2கே பெயிண்ட் என்றால் அப்படி வராது. இந்தச் சோதனைக்கு மட்டும்தான் தின்னரைத் திறந்தேன்.

கம்பெனி ஸ்டிக்கர் இருக்கிற இடங்களில் நகத்தை ஓட்டிப் பார்ப்பதும் நல்லது. விளிம்பு நகத்தில் தட்டினால் ஸ்டிக்கர் கிளியர் கோட்டுக்கு மேலே இருக்கிறது, எண்ணெய் ஊறினால் அதுவும் உரியும். தட்டவில்லை என்றால் கிளியருக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

இனி சூடு. எந்த வீடியோவைப் பார்த்தாலும் ஹீட் கன்னையோ ஹேர் டிரையரையோ எடுத்து நேராக டேங்கில் காட்டுகிறார்கள், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெட்ரோல் ஆவியாகித் தீப்பிடிக்கக்கூடிய வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி, அதாவது நம் ஊரில் எந்த நேரத்திலும் தயார். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன வழி எப்போதும் இருக்கும், இரும்பு சூடாக ஆக ஆவி அந்த வழியாக வெளியே வரும், அது காற்றைவிடக் கனம் என்பதால் டேங்கை ஒட்டியே கீழே இறங்கும். ஹேர் டிரையருக்குள் சிவக்கச் சிவக்க ஒரு கம்பிச் சுருளும் தீப்பொறி விடுகிற ஒரு மோட்டாரும் இருக்கின்றன. ஹீட் கன் இன்னும் மோசம், அதன் வாயில் 300, 400 டிகிரிக்கு மேல் வரும், ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரியைத் தாண்டினாலே வளையத் தொடங்கிவிடும். ஹீட் கன்னை நான் எந்த இடத்துக்கும் பயன்படுத்தவில்லை. ஹேர் டிரையர், வண்டியிலிருந்து தனியாகக் கழற்றிய பேனலுக்கும் டூமுக்கும் மட்டும். டேங்குக்கு இரண்டே வழி, வெயிலும் வெந்நீரும்.

வெயில் நமக்குப் பஞ்சமில்லை. சித்திரை மாதம் பதினோரு மணிக்கு வண்டியை மொட்டை வெயிலில் நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் டேங்கில் கை வைக்க முடியாது. டேங்கில் பெட்ரோல் பாதிக்கும் கீழே இருக்கட்டும், நிறைய இருந்தால் சூட்டில் விரிந்து மூடி வழியாகக் கசியும். டேங்க் நன்றாகச் சூடானதும் வண்டியைக் காற்றோட்டமான நிழலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே வேலையைத் தொடங்கினேன். வெயிலிலேயே செய்தால் போடுகிற எண்ணெயும் ஸ்பிரிட்டும் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். சூடு குறையும்போது பழைய டர்க்கி டவலை வெந்நீரில் முக்கிப் பிழிந்து நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைப் போர்த்திவிட வேண்டும். கவர் இல்லாவிட்டால் டவல் இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும். தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை, கொதித்து இறக்கிக் கொஞ்சம் ஆறின தண்ணீர் போதும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டவலைப் பிழியும்போது உள்ளங்கை பழுத்துவிடும்.

அறுப்பதற்கு முதலில் பல் இடுக்கில் விடும் ஃபிளாஸ் நூலை எடுத்தேன். சின்ன எழுத்து, சின்னப் பட்டைக்கு அது சரி, மெழுகு இருப்பதால் வழுக்கிக்கொண்டு போகும். முட்டி கிரிப் மாதிரி அகலமான பொருளுக்கு நடுவிலேயே அறுந்துவிடுகிறது. கேஆர்பி அணைப் பக்கம் தூண்டில் சாமான் விற்கிற கடையில் தடித்த நைலான் நரம்பு வாங்கினேன், அரை மில்லிமீட்டர் கனம். இரண்டு முழம் வெட்டி, இரண்டு முனையையும் இரண்டு பழைய பேனாவில் சுற்றிக் கட்டினால் கைப்பிடி ஆகிவிடும், வெறும் விரலில் சுற்றினால் நரம்பு விரலை அறுக்கும். விளிம்பில் ஷாம்பு தண்ணீரைத் தெளித்துவிட்டு, நரம்பை ஃபோமுக்குள் நுழைத்து, ரம்பம் போல இடமும் வலமுமாக இழுக்க வேண்டும். கவனம் முழுக்க ஒரே விஷயத்தில் இருக்கட்டும்: நரம்பு சாமானின் அடிப்பக்கத்தைத் தொட்டபடி போக வேண்டும், பெயிண்டைத் தொட்டபடி போகக் கூடாது. கைப்பிடிகளை டேங்கிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டால் தானாகவே அப்படித்தான் போகும். வேகமாக இழுத்தால் உராய்வில் நைலான் சூடாகி உருகி அறுந்துவிடும், ஆகவே இங்கேயும் நிதானம்.

முட்டி கிரிப் இரண்டும் இப்படித்தான் வந்தன. டேங்க் வளைவதால் நடுவில் நரம்பு நேர்கோட்டில் போக மறுக்கும், வளைவின் மேட்டை அழுத்தப் பார்க்கும். அங்கே மேலிருந்து கீழே முழுசாக அறுக்காமல், மேல் மூலையிலிருந்து கொஞ்சம், கீழ் மூலையிலிருந்து கொஞ்சம் என்று சின்னச் சின்னதாக வந்தேன். அறுத்த பகுதி மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குப் புதுச் செய்தி, சூடான ஃபோம் தன்னோடு தானே ஒட்டும். அறுத்த இடத்தில் ஒரு துண்டு ஓஹெச்பி ஷீட்டை, அதாவது கண்ணாடி மாதிரியான மெல்லிய பிளாஸ்டிக் தாளை, செருகிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

டேங்க் பேட் வேறு ஜாதி. அதில் ஃபோம் கிடையாது, ஜெல்லிக்கு அடியில் மெல்லிய கம் மட்டும், நரம்பு நுழைய இடமே இல்லை. அதற்கு வெந்நீர் டவலைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு, பழைய ஏடிஎம் கார்டால் ஒரு மூலையைக் கிளப்பி, கிளப்பிய பகுதியைப் பின்னால் மடித்து, டேங்கோடு டேங்காகப் படுக்கவைத்து இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பெயிண்டையும் சேர்த்து மேல்நோக்கி இழுக்கிறோம் என்று அர்த்தம், படுக்கவைத்து இழுத்தால் கம் மட்டும் வரிசையாக விடும். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கோபம் வர வேண்டும். டவல் ஆறினதும் நிறுத்தி மறுபடி சூடு. வேகம் கூடினால் கம் டேங்கிலேயே தங்கிவிடும், வேகம் சரியாக இருந்தால் பேடோடு சேர்ந்து வந்துவிடும், இழுக்கும்போதே கண்ணுக்குத் தெரியும்.

கேமரா மவுண்ட் தட்டையான சின்னப் பொருள், டூமைத் தனியாகக் கழற்றி ஹேர் டிரையரை ஒரு சாண் தூரத்தில் ஆட்டிக்கொண்டே காட்டி, கையால் தொட முடிகிற சூட்டிலேயே நரம்பைப் போட்டதும் வந்துவிட்டது. எல்இடி பட்டைக்கு முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஹாரன் வயரை பிளேடால் சீவி அதில் சுற்றிவிட்டுத்தான் இதற்குக் கரண்ட் எடுத்திருந்தார்கள், மேலே இன்சுலேஷன் டேப்கூட இல்லை. பட்டையைப் பிய்ப்பது பெரிய விஷயமில்லை, அது நனையாமல் இருக்க மேலே சிலிகான் பூசியிருந்ததுதான் தொல்லை. இந்தப் பூச்சு எண்ணெய்க்கும் கரையாது, ஸ்பிரிட்டுக்கும் கரையாது, பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிலிகான் படலம் மிஞ்சினாலும், என்றைக்காவது அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடித்தால் குழி குழியாக விலகி நிற்கும். டேங்கை ரீபெயிண்ட் செய்யக் கொடுக்கும்போது "இங்க சிலிகான் இருந்துச்சு" என்று பெயிண்டரிடம் சொல்லிவிடுவது அவருக்கும் நல்லது நமக்கும் நல்லது.

மொபைல் ஸ்டாண்டின் அடிப்பாகத்தில் டேப் எப்போதோ விட்டுப்போய், பழைய ஓனர் ஃபெவிக்விக் ஊற்றியிருந்தார். இது ஸ்பீடோமீட்டரைச் சுற்றியுள்ள கறுப்பு பிளாஸ்டிக், பெயிண்ட் இல்லாதது. அசிட்டோன் போட்டால் அந்தப் பசை கரையும், பிளாஸ்டிக்கும் கரையும். ஸ்பீடோமீட்டர் கண்ணாடி என்று நாம் சொல்வதும் பிளாஸ்டிக்தான், அதன் மேல் பெட்ரோலோ தின்னரோ தெறித்தால் மங்கி, மெல்லிய வெடிப்பு விழும். இந்த வகைப் பசை இழுவையை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டு அடியைத் தாங்காது, குளிரில் இன்னும் நொறுங்கும். இங்கே மட்டும் சூட்டுக்குப் பதில் ஐஸ். ஐஸ் கட்டியைக் கவரில் போட்டு அடிப்பாகத்தின் மேல் அழுத்திப் பத்து நிமிடம் வைத்திருந்து, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் பக்கவாட்டில் சின்னதாக ஒரு தட்டு, டக்கென்று வந்துவிட்டது. வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் அங்கே இருக்கிறது, அதன் மேல் டோல்கேட் ஃபாஸ்டாக் ஒட்டலாம் என்று மச்சான் கேலி செய்கிறான். பைக்குக்குத்தான் டோலே கிடையாதே.

இனி மிச்சம் இருக்கிற கம். ரேடியம் ஸ்டிக்கரின் கம்முக்கும் டேங்க் பேட் கம்முக்கும் தேங்காய் எண்ணெய் போதும், நம்புங்கள். தடவி மேலே பிளாஸ்டிக் தாளை மூடி கால் மணி நேரம் விட்டால் கம் ஊதி, விரலால் உருட்டினால் திரி திரியாக வரும். வெயிலில் பொரிந்த பழைய ரேடியத்தில்தான் சிரமம், ஸ்டிக்கர் நகத்தளவு துண்டுகளாக உடைந்து வரும், நடிகரின் மீசைக்கு மட்டுமே அரை மணி நேரம் ஆனது. ஃபோமின் கீழ்ப்பாதிக்கு எண்ணெய் சீக்கிரம் இறங்காது. அதற்கு முதலில் கட்டைவிரலால் அழுத்தி உருட்ட வேண்டும், வெதுவெதுப்பாக இருக்கும்போதே. விரல் சோர்ந்தால் இன்னொரு வழி, அறுத்தெடுத்த சாமானில் ஒட்டியிருக்கும் மேல்பாதி ஃபோமை எடுத்து, வண்டியில் இருக்கும் மிச்சத்தின் மேல் அழுத்தி அழுத்தி எடுங்கள், கம் கம்மோடு போய்விடும். கடைசிப் படலத்துக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன், துணியில் நனைத்து ஒற்றி எடுத்தேன். மண்ணெண்ணெயும் இதே வேலையைச் செய்யும், ஆனால் ரேஷனில் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலம் போய்விட்டது.

எல்லாம் முடிந்ததும் எண்ணெய்ப் பசையை எடுக்க ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற ஸ்பிரிட். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் போர்டு துடைக்க இதைத்தான் வைத்திருப்பார்கள், கேட்டால் எங்கே வாங்குவது என்று சொல்வார்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மைக்ரோஃபைபர் துணியில் துடைத்தேன். கொரோனா காலத்து சானிடைசர் வீட்டில் மிச்சம் இருந்தால் அதைப் போடாதீர்கள், அதில் கையைக் காக்க கிளிசரின் சேர்த்திருப்பார்கள், அது படலமாக நிற்கும். பனியன் வேஸ்ட்டும் வேண்டாம், தையலும் பட்டன் துண்டும் கலந்து வரும்.

இப்போது அந்த இடது பேனல். குரோம் பட்டையை வலது பக்கம் எடுத்த அதே முறைதான், அதே சூடு, அதே நரம்பு. ஃபோம் நடுவில் அறுபட்டது, பட்டை வந்துவிட்டது. மிச்ச ஃபோமை உருட்டும்போது ஓரத்தில் பெயிண்ட் அரிசி அளவுக்கு உரிந்து, அடியில் கறுப்பு பிளாஸ்டிக் தெரிந்தது. நடுவில் பிரைமர் எதுவும் இல்லை. இராயக்கோட்டை ரோட்டில் ஒரு பெயிண்டர் அண்ணனிடம் பேனலைக் கொண்டுபோய்க் காட்டினேன். நகத்தால் உரிந்த ஓரத்தைச் சுரண்டினார், இன்னும் கொஞ்சம் வந்தது.

"பிளாஸ்டிக்குக்குன்னு தனி பிரைமர் இருக்கு தம்பி. அது அடிக்காம, உப்புத்தாளும் போடாம, நேரா கலர் அடிச்சிருக்காங்க. நீ எடுக்கலன்னாலும் அடுத்த மழையில தானா வந்திருக்கும்."

"டச்சப் பண்ண முடியுமாண்ணா?"

"டச்சப் பண்ணா இந்த ஓரம் நிக்கும், பக்கத்து ஓரம் வரும். முழுசா எடுத்துட்டு அடிக்கலாம், இல்லன்னா அப்படியே விடு."

அப்படியே விட்டிருக்கிறேன். ரீபெயிண்ட் செய்த பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் சாமான் பார்க்க ரொம்ப மோசமாக இல்லையென்றால் அதை எடுக்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. அங்கே பெயிண்டின் பிடிப்பு டேப்பின் பிடிப்பைவிடக் குறைவு, எந்த முறையும் அதை மாற்றாது.

டேங்கில் பேட் இருந்த இடம் கரும்சிவப்பாகவும் சுற்றி வெளுத்தும் தெரிந்தது. வெளிறலில் இரண்டு வகை உண்டு. கிளியர் கோட்டின் மேல்பரப்பு வெயிலில் மங்கியிருந்தால் பாலிஷ் போட்டால் போய்விடும். அடியில் இருக்கும் சிவப்பே வெளுத்திருந்தால் என்ன தேய்த்தாலும் போகாது, சிவப்புக்கு இந்தப் பிரச்சினை மற்ற நிறங்களைவிட அதிகம். பாலிஷிங் காம்பவுண்டை ஈரமான ஸ்பாஞ்சில் கொஞ்சமாக எடுத்து வெளுத்த பகுதியில் கையாலேயே தேய்த்தேன், மெஷின் போடவில்லை. ரப்பிங் காம்பவுண்ட் என்று விற்பது இதைவிடச் சொரசொரப்பு, அதைத் தொட வேண்டாம், டூத் பேஸ்ட்டும் வேண்டாம். பாதிக்கு மேல் சமமாகிவிட்டது. தூரத்திலிருந்து தெரியாது, பக்கத்தில் பார்த்தால் பேடின் உருவம் மெல்லிசாகத் தெரிகிறது. அதற்கு மேல் தேய்த்தால் கிளியர் கோட்டைத் தின்ன வேண்டியிருக்கும், நிறுத்திவிட்டு மேலே மெழுகு போட்டேன்.

இதைப் பார்த்துவிட்டு மச்சான் காவேரிப்பட்டணத்திலிருந்து அவன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். "மாமா, எனக்கும் அந்த டேங்க் ஸ்டிக்கரை எடுத்துட்டு அதே மாதிரி பாலிஷ் போட்டுக் குடுங்க." அவனுடையது மேட் கறுப்பு. "டேய், மேட்டுக்குப் பாலிஷ் போட்டா அந்த இடம் மட்டும் பளபளன்னு கண்ணாடி மாதிரி ஆயிடும்டா, திரும்ப மேட் ஆகாது." மேட் பெயிண்டின் மேல்பரப்பே நுண்ணிய மேடு பள்ளமாக இருப்பதால்தான் ஒளி சிதறி மங்கலாகத் தெரிகிறது, தேய்த்தால் மேடு மழுங்கிவிடும், மெழுகு போட்டால் பள்ளம் அடைந்துவிடும். அவன் வண்டிக்கு வெந்நீர், பொறுமையான இழுவை, தேய்க்காமல் ஒற்றி எடுத்த டர்பன்டைன், பிறகு ஐபிஏ, அவ்வளவுதான். கட்டைவிரலால் உருட்டுவதைக்கூட அங்கே தவிர்த்தேன்.

மொபைல் வைக்க எனக்கும் ஒரு ஹோல்டர் வேண்டும்தான், தொப்பூர் தாண்டி சேலம் போகும்போது மேப் பார்க்காமல் முடியாது. ஹேண்டில்பாரில் ரப்பர் வைத்து போல்ட் போடுகிற கிளாம்ப் வகையை வாங்கியிருக்கிறேன். எங்காவது ஒட்டியே ஆக வேண்டும் என்று வந்தால், முதலில் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிமில் உள்ளங்கை அளவு வெட்டி ஒட்டி, ஐபிஏவில் துடைத்துவிட்டு, அந்த ஃபிலிமின் மேல் டேப்பை ஒட்டுங்கள். எடுக்க வேண்டிய நாளில் வெந்நீர் டவலைப் போட்டு ஃபிலிமை உரித்தால் மேலே இருக்கிற டேப்பும் சாமானும் கூடவே வந்துவிடும், நரம்புக்கு வேலை இருக்காது.